மாணாக்கராகிய மருத்துவர்

நோயறிந்து மருந்து கொடுப்பதோடு வைத்தியரின் கடமை முடிந்துவிடுகிறது என்பது பொதுவான எண்ணம். அவ்வெல்லைக்குள் அடங்காத வைத்தியர் ஒருவர், நமது இணுவிலுக்கு அயலூராகிய மானிப்பாயில் 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தார். அவரே சாமுவேல் பிஸ்க் கிறீன்.

1822ஆம் ஆண்டு அமெரிக்காவிற் பிறந்த கிறீன், அமெரிக்க மிஷன் வைத்தியராக 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மறு ஆண்டே மானிப்பாயில் மருத்துவ வகுப்பைத் தொடங்கினார். பாடமொழி ஆங்கிலம். ஆங்கிலங் கற்றுத் தேறியவர்கள் அரசாங்க உத்தியோகத்தை நாடினர். கிராமத்து நோயாளிக்கு வைத்தியர் எட்டாக்கனியாகவே இருந்தார். இக்குறையின் மூலம் பாடமொழியே என்று கிறீன் கண்டார்.

அதற்கு அவர் செய்த பரிகாரம் புதுமையானது. ஆங்கிலமே அறிவின் வாயில் என்று கருதப்பட்ட அக்காலத்தில், ஆசிரியராக வந்தவர் தாமே மாணாக்கராகித் தமிழ் பயின்றார். 1864 முதல் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். தமிழிற் பயின்று வெளியேறிய வைத்தியர்கள் முப்பதின்மருக்கு மேற்பட்டோர். அவர்கள் மேனாட்டு உடைக்கு மாறாது தம் நாட்டு வழக்கத்தையே பேணவேண்டுமென்றும் அவர் விரும்பினார்.

பாடநூல் இல்லாக் குறையை மாணாக்கர் துணையோடு நீக்கினார். ‘இரணவைத்தியம்’, ‘மனுஷ அங்காதிபாதம்’ முதலிய நூல்கள் தமிழில் வெளிவந்தன. கலைச்சொல் தேடுகையில் முதலில் தமிழையும், அடுத்து வடமொழியையும் நாடினார். அங்கும் கிடைக்காவிடின் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கு இசைவித்தார். இரசாயன நூலுக்குக் ‘கெமிஸ்தம்’ எனப் பெயரிட்டது இதற்குச் சான்று. 1873இல் தாயகம் திரும்பிய பின்னரும் அவர் இப்பணியைக் கைவிடவில்லை. 1884இல் மறைந்த அவரது கல்லறையில், தமிழருக்கு மருத்துவ ஊழியஞ் செய்தவர் என்னும் கருத்துடைய வாசகம் அவர் விருப்பப்படியே பொறிக்கப்பட்டது.

பின்னர் இணுவிலில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் என மக்லியொட் வைத்தியசாலை எழுந்தது. வைத்தியப் பணி வளர்ந்தது. தமிழ்வழி மருத்துவக் கல்வியோ தொடரவில்லை. 1978இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய மருத்துவபீடத்திலும் பாடமொழி ஆங்கிலமே. உலக நூல்களோடு உறவு வேண்டுமாதலின் அதனை முற்றிலும் குறைகூறுவதற்கில்லை. ஆயினும் நோயாளி தன் நோவைத் தமிழிலேயே சொல்கிறான். அதற்குரிய மறுமொழியையும் தமிழிலேயே எதிர்பார்க்கிறான். அதனை அவனுக்கு விளங்கச் சொல்லவல்ல வைத்தியரே கிறீனின் உண்மையான மாணாக்கர் ஆவார்.