எறும்பு முதல் எச்சில் வரை

மல்லாங்கிணற்றில் பல காலம் ரத்தப் பரிசோதனைக் கூடம் வைத்திருந்தவன் நான். சர்க்கரைச் சோதனையின் வரலாறு, என்னைக் கேட்டால், உடம்பிடம் நாம் கேட்ட கேள்விகளின் வரலாறு.

முதல் கேள்வி, ‘சர்க்கரை இருக்கிறதா?’ சிறுநீரில் எறும்பு மொய்ப்பதை வைத்தே அந்தக் காலத்து வைத்தியர்கள் பதில் சொன்னார்கள். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கரான ஸ்டான்லி பெனடிக்ட், மயில்துத்தம் சேர்ந்த நீலக் கரைசலைக் கொண்டுவந்தார். நான் தொழில் பழகியது அதில்தான். கரைசல் 5 மில்லி, சிறுநீர் 8 சொட்டு விட்டு ஸ்பிரிட் விளக்கில் கொதிக்க வைப்போம். நீலம் மாறாவிட்டால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள் என்று ஏறிச் செங்கல் நிறத்துக்கு வந்தால் மிகுதி. காரியாபட்டிப் பக்கத்துச் சம்சாரிகள் “என்ன கலரு தம்பி?” என்றுதான் கேட்பார்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் மருத்துவர் எம். விஸ்வநாதன் 1948-ல் நீரிழிவுக்கென்றே தனிப்பிரிவு தொடங்கிய காலத்திலும் இந்தக் கலர்தான் கைகொடுத்தது.

‘இப்போது எவ்வளவு?’ என்ற கேள்விக்கு விரல்நுனி ரத்தமும் மீட்டரும் பதில் சொல்லின. ‘மூன்று மாதமாக எப்படி?’ என்பதற்கு எச்பிஏ1சி என்ற ரத்தச் சோதனை வந்தது. அதற்கு வழி திறந்தவர், 1960களின் இறுதியில் ஹீமோகுளோபினை ஆராய்ந்த ஈரானிய மருத்துவர் சாமுவேல் ரஹ்பார்.

இன்றைய கேள்வி, ‘சர்க்கரை உள்ளே என்ன சேதம் செய்திருக்கிறது?’ பட்டாசுக்கு வெடியுப்பு தரும் ஆக்சிஜன் மாதிரி, சர்க்கரை மிகுந்த உடம்பில் முரட்டு ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகி செல்களின் கொழுப்பைத் தாக்குகின்றன. ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்கிற இந்தக் கருத்தை 1985-ல் வகுத்தவர் ஜெர்மானியர் ஹெல்முட் சீஸ். சிதைந்த கொழுப்பிலிருந்து வரும் மாலன்டிஆல்டிஹைடை எச்சிலிலும் அளக்கலாம். தயோபார்பிட்யூரிக் அமிலம் சேர்த்துச் சூடாக்கினால் இளஞ்சிவப்பு வரும். ஆக, மறுபடியும் கலர்தான்!

ஊசி வேண்டாம், வலி இல்லை. ஆனால் ஈறு வீங்கியிருந்தாலும், பீடி, புகையிலைப் பழக்கம் இருந்தாலும் இந்த அளவு மாறிவிடும். சர்க்கரையின் சேதம் எது, ஈறின் சேதம் எது என்று பிரித்துச் சொல்வது கடினம். அதனால் எச்சில் சோதனை இன்னும் ஆராய்ச்சிக் கூடத்திலேயே நிற்கிறது.

அது வரும்போது வரட்டும். வெறும் வயிற்றில் 126 மி.கி., எச்பிஏ1சி 6.5 சதவீதம் என்ற நீரிழிவின் எல்லைகளை இன்றைக்கும் ரத்தம்தான் சொல்கிறது. 2021 முதல் தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டு வாசலுக்கே வந்து சர்க்கரை பார்க்கிறார்கள். தட்டிக்கழிக்காமல் விரலை நீட்டுங்கள்.