சூ ஷியும் கொரிய பிக்குகளும்

சூ ஷியைப் படிக்கிறவர்களுக்கு அவருடைய பிக்கு நண்பர்களைத் தெரியும். கொரிய பிக்குகளிடம் அவர் எப்படி நடந்துகொண்டார் என்பதை அவருடைய ரசிகர்கள் அதிகம் பேசுவதில்லை. எனக்கும் வெகுநாள் கழித்தே தெரியவந்தது. பிறகு அவர் கவிதைகளைப் பழைய நிம்மதியோடு படிக்க முடியவில்லை.

கொர்யோ அரசன் முன்ஜோங்கின் நான்காவது மகன் உய்ச்சோன் (1055–1101). சிறுவயதிலேயே துறவியானவர். 1085இல், அரசராகியிருந்த அண்ணனும் மந்திரிகளும் தடுத்தும் கேளாமல், ஒரு சோங் வணிகனின் கப்பலில் ரகசியமாக ஏறிவிட்டார். தேடிப் போனது ஹாங்சௌவிலிருந்த ஹுவாயென் மரபின் ஆசிரியர் ஜிங்யுவானை. 845இல் நடந்த பௌத்த ஒடுக்குமுறையிலும் பின்வந்த போர்களிலும் சீனத்தில் அழிந்த உரைநூல்கள் கொரியாவில் பிழைத்திருந்தன. அவற்றை உய்ச்சோன் எடுத்துச் சென்றார். குருவுக்கு அவர் மரபின் நூல்களையே சிஷ்யன் கொண்டுபோய்க் கொடுத்த விசித்திரம் இது. 1086இல் திரும்பும்போது அவரோடு வந்தவை சுமார் 3,000 சுருள்கள். 1090இல் அவர் தொகுத்த நூற்பட்டியலில் சூத்திரங்கள் இல்லை. உரைகளும் வியாக்கியானங்களுமே ஆயிரத்துக்கு மேல். பட்டியல் போடுவதையும் தியானமாகக் கொண்ட மனிதர் என்று எனக்குப் படுகிறது.

சோங் அரசு அவருக்குத் துணையாக அனுப்பிய யாங் ஜியே, சூ ஷியின் நண்பர். யாங்கை வழியனுப்பி சூ ஷி எழுதிய கவிதையில், தர்மம் தேடி மேற்கே வந்த இளவரசனுக்குக் கௌரவமான இடம் உண்டு.

நான்கு வருஷம் போயிற்று. 1088இல் ஜிங்யுவான் இறந்தார். மறுவருஷம் உய்ச்சோனின் சீடர்கள் அஞ்சலி செலுத்த வந்தார்கள்; பேரரசரின் ஆயுளுக்காக இரண்டு பொற்கோபுரங்களும் கொண்டுவந்தார்கள். அப்போது ஹாங்சௌவின் நிர்வாகி சூ ஷி. ஏற்கவேண்டாம் என்று அவர் அரசவைக்கு எழுதினார். விருந்தினர் செலவு ஜனங்கள் தலையில் விழுகிறது, கொரியர் வழியாகக் கித்தான்களுக்குத் தகவல் போகும் என்பவை அவர் காரணங்கள். சூ ஜியான் என்ற வணிகன் கொரியாவுக்காக 2,900க்கு மேற்பட்ட சூத்திரப் பலகைகளைச் செதுக்குவித்து ஏற்றிச் சென்று 3,000 தேல் வெள்ளி பெற்றதும் அவர் கண்ணில் குற்றமே.

கித்தான் பயம் வெறும் கற்பனையல்ல, செலவும் பொய்யல்ல. வரிச்சுமை அறிந்த நிர்வாகி பேசுகிறார் என்று இதை விட்டுவிடலாம். விட முடியாதது 1093இல் நடந்தது. கொரியத் தூதர்களுக்குப் புத்தகமே விற்கக்கூடாது என்று அவர் வாதாடினார். அதற்கு இரண்டு வருஷம் முன்புதான் சீனத்தில் காணாமல் போன நூல்களை அனுப்பும்படி சோங் அரசு கொரியாவைக் கேட்டிருந்தது. புத்தகத்தை ராணுவ ரகசியமாக நினைத்தவர், வழியனுப்புக் கவிதை எழுதிய அதே ஆள். இரண்டு பேர் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு மனம் வரவில்லை.

கொரியாவில் இதற்கெல்லாம் அவர்மீது கோபம் தங்கவில்லை போலும். அங்கே ஒரு தகப்பனார் தம் பிள்ளைகளுக்கு சூ சகோதரர்களின் பெயரெழுத்துக்களை வைத்திருந்தார். அவர்களில் ஒருவர்தான் 1145இல் கொரியாவின் பழைய வரலாற்றை எழுதி முடித்த கிம் பூசிக். ஹாங்சௌவில் ஜிங்யுவான் இருந்த விஹாரத்துக்குக் கொர்யோ விஹாரம் என்றே பெயர் வந்துவிட்டது.