மூன்ஸ்டோன் (துப்பறியும் நாவல்)

ஆங்கில எழுத்தாளர் வில்கி காலின்ஸ் (1824–1889) எழுதிய நாவல். சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய ‘ஆல் தி இயர் ரவுண்ட்’ வார இதழில் 1868 ஜனவரி 4 முதல் ஆகஸ்ட் 8 வரை தொடராக வந்தது. தொடர் முடியுமுன்பே மூன்று பாகங்களாக நூலாயிற்று. சீரங்கப்பட்டணக் கொள்ளையில் கைமாறிய மஞ்சள் வைரம் ஒன்று, யார்க்‌ஷயர் மாளிகையொன்றில் ரேச்சல் வெரிண்டர் என்ற இளம்பெண்ணின் பிறந்தநாள் இரவில் காணாமற்போவது கதை. அதன் பின்னணியில் உண்மையில் நடந்த இரண்டு குற்றங்கள் உள்ளன. ஒன்று 1799இல் ஒரு படை செய்தது. மற்றது 1860இல் ஒரு வீட்டுக்குள் நடந்தது.

வைரத்தின் வழி

நாவலின் முன்கதை 1799 மே 4 அன்று மைசூர் மன்னர் திப்பு சுல்தானின் தலைநகரான சீரங்கப்பட்டணத்தின்மீது ஆங்கிலேயர் நடத்திய தாக்குதலில் தொடங்குகிறது. அதற்குத் தலைமை தாங்கிய டேவிட் பேர்ட், 1780இல் காஞ்சிபுரம் அருகே புள்ளலூரில் மைசூர்ப் படையிடம் பிடிபட்டு, அதே சீரங்கப்பட்டணத்தில் மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் சிறையிருந்தவர். கோட்டை விழுந்த இரவு நகரம் சூறையாடப்பட்டது. மறுநாள் பொறுப்பேற்ற ஆர்தர் வெல்லெஸ்லி, சிலரைத் தூக்கிலிட்டும் சவுக்கடி கொடுத்தும் கொள்ளையை நிறுத்தினார். திப்புவின் அரியணை துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டது. தியோடர் ஹூக் எழுதிய பேர்டின் வாழ்க்கை வரலாற்றிலிருந்து காலின்ஸ் இவ்விவரங்களை எடுத்துக்கொண்டார்.

வைரம் மட்டும் கற்பனை. அது சோமநாதத்துச் சந்திரக் கடவுள் சிலையின் நெற்றியில் இருந்ததாக நாவல் கூறுகிறது. சோமநாதத்தில் மூலவர் லிங்க வடிவினர் என்பதைக் காலின்ஸ் பொருட்படுத்தவில்லை. கோஹினூரையும் ரஷ்யச் செங்கோலில் பதித்த வைரத்தையும் தமக்குத் தூண்டுதலாக முன்னுரையில் குறிப்பிடுகிறார். இரண்டாவது, ஓர்லோவ் எனப்படுவது. அது திருவரங்கத்துத் திருமேனி ஒன்றின் கண்ணாக இருந்ததென்றும், படையை விட்டோடிய பிரெஞ்சு வீரன் ஒருவன் பக்தனாக நடித்து அதைத் திருடினான் என்றும் ஒரு செவிவழிக் கதை உண்டு. இதற்கு உறுதியான சான்று இல்லை.

1850இல் கோஹினூர் விக்டோரியா அரசியிடம் ஒப்படைக்கப்பட்டது. நாவலின் வைரம் சோமநாதத்துக்குத் திரும்பிச் சேர்ந்த செய்தியைச் சொல்லும் இறுதிக் கடிதத்துக்கும் காலின்ஸ் இட்ட ஆண்டு 1850. இது தற்செயலாகவும் இருக்கலாம்.

ரோடு ஹில் வழக்கு

நாவலின் துப்பறியும் பகுதிக்கு மூலமாகக் கருதப்படும் இவ்வழக்கு குறித்து மிக விரிவான பதிவுகள் உள்ளன. 1860 ஜூன் 30 காலை, வில்ட்ஷயரின் ரோடு ஹில் மாளிகையில் தொழிற்சாலை ஆய்வாளர் சாமுவேல் கென்ட்டின் மகன், நான்கு வயதுகூட நிறையாத சாவில் கென்ட், வேலைக்காரர்களின் கழிப்பறைக் குழியில் கழுத்தறுபட்டுக் கிடந்தான். உள்ளூர்க் காவலர்கள் இரண்டு வாரம் தடுமாறினர். உடல் கிடைத்த அன்று மாலையே சமையலறைப் பக்கத்து அடுப்பிலிருந்து அவர்கள் எடுத்த இரத்தக்கறை படிந்த உள்ளாடை ஒன்று காணாமற்போனது. அந்தச் சேதி சில மாதங்கள் வெளியே வரவில்லை.

ஸ்காட்லாந்து யார்டின் தொடக்ககாலத் துப்பறிவாளர்களில் ஒருவரான ஜொனாதன் விச்சர் ஜூலை நடுவில் வந்தார். அவர் பிடித்துக்கொண்டது சலவைக் கணக்கை. மூத்த தாரத்து மகளான பதினாறு வயது கான்ஸ்டன்ஸுக்கு இரவு உடைகள் மூன்று, ஒன்றைக் காணோம். கொலைக்குப் பின் திங்களன்று அழுக்குத் துணியைக் கூடையில் அடுக்கிக் குறித்துக்கொண்டிருந்த பணிப்பெண்ணிடம், கான்ஸ்டன்ஸ் குடிக்கத் தண்ணீர் கேட்டிருந்தாள். பணிப்பெண் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில், கணக்கில் ஏறிவிட்ட உடையைக் கூடையிலிருந்து அவள் உருவிக்கொண்டாள் என்பது விச்சரின் ஊகம். பழி சலவைக்காரி மேல் விழும். கறைபட்டு அழிக்கப்பட்ட உடையை யாரும் தேடமாட்டார்கள். ஒரு குவளைத் தண்ணீரை வைத்து ஒரு கொலை வழக்கை எழுப்பப் பார்த்த இந்தத் துணிச்சல் கவனிக்கத்தக்கது.

ஜூலை 20இல் கான்ஸ்டன்ஸ் கைதானாள். ஒரே வாரத்தில் விடுவிக்கப்பட்டாள். கண்ணியமான குடும்பத்தின் பெண்பிள்ளையுடைய துணியைத் துருவியதற்காகப் பத்திரிகைகள் விச்சரைக் கிழித்தன. தந்தையும் குழந்தையைப் பார்த்துக்கொண்ட செவிலிப்பெண்ணுமே குற்றவாளிகள் என்று நம்பியவர்களுள் டிக்கன்ஸும் ஒருவர். விச்சர் 1864இல் ஓய்வு பெற்றார். அடுத்த ஏப்ரலில் கான்ஸ்டன்ஸ் தானே லண்டன் வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டாள். மரண தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டு, 20 ஆண்டு சிறையிருந்து, பெயர் மாற்றிக்கொண்டு ஆஸ்திரேலியாவில் செவிலியராக வாழ்ந்து, 1944இல் நூறு வயதில் இறந்தாள். வாக்குமூலம் முழு உண்மையா, உடன்பிறந்த தம்பி வில்லியமைக் காப்பாற்றச் சொன்னதா என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.

நாவலில் இரத்தக்கறை, கதவுச் சாயக்கறையாகிறது. காணாமற்போன இரவு உடை, சலவைக் கணக்கேடு, மந்தமான உள்ளூர் அதிகாரி, லண்டனிலிருந்து வந்து அவமானத்துடன் திரும்பும் துப்பறிவாளர் அனைத்தும் அப்படியே வருகின்றன. ஒரு வேறுபாடு: விச்சர் சந்தேகித்த பெண் குற்றத்தை ஒப்புக்கொண்டாள், நாவலின் சார்ஜெண்ட் கஃப் சந்தேகிக்கும் ரேச்சல் குற்றமற்றவள். கஃபுக்கு ரோஜாப் பைத்தியம். விசாரணைக்கு வந்த இடத்திலும் ரோஜாத் தோட்டத்துப் பாதை புல்லா சரளையா என்று தோட்டக்காரனோடு சண்டை பிடிப்பார். விச்சர் ஒரு தோட்டக்காரரின் மகன்.

எழுதிய விதம்

தொடர் வெளிவந்த மாதங்களில் காலின்ஸ் மூட்டுவாதத்தால் படுக்கையிலிருந்தார். தாயும் அப்போது இறந்தார். வலிக்கு அபினிக் கரைசல் உட்கொண்டார். அபினி மயக்கத்தில் தான் செய்ததையே அறியாத ஒருவன் வைரத்தை எடுத்தான் என்ற முடிச்சு இந்த அனுபவத்திலிருந்து பிறந்திருக்கலாம். நாவலின் பெரும்பகுதியை வாய்மொழியாகச் சொல்லி எழுதுவித்தார் என்ற புகழ்பெற்ற செய்தியை, பெரும்பாலும் அவர் கையெழுத்திலேயே உள்ள கைப்பிரதி ஆதரிக்கவில்லை என்பர்.

மதிப்பீடு

ஆங்கிலத்தின் முதல் துப்பறியும் நாவல் இதுவே என்று டி. எஸ். எலியட் கருதினார். 1862–63இல் வந்த ‘நாட்டிங் ஹில் மிஸ்டரி’க்கு அந்த இடத்தைத் தருவோரும் உள்ளனர். வைரத்தை மீட்கக் கொலையும் செய்யும் மூன்று பிராமணர்களைக் காலின்ஸ் பரிவோடு காட்டுவதால், 1857 சிப்பாய்க் கிளர்ச்சிக்குப் பிந்தைய ஆங்கில எழுத்தில் இதைப் பேரரசு மீதான விமர்சனமாகச் சிலர் படிக்கின்றனர். மர்மத்துக்கான கீழைத்தேயப் பூச்சு மட்டுமே என்போரும் உண்டு.

நாவல் பலமுறை திரைப்படமாகவும் தொலைக்காட்சித் தொடராகவும் வந்துள்ளது; பிபிசி 2016இல் மீண்டும் தயாரித்தது. ரோடு ஹில் வழக்கைப் பற்றிய கேட் சம்மர்ஸ்கேலின் நூல் 2008இல் வெளியானது.