பங்கும் மனையும்: புறூக்ளின் ‘அல்கு’ கூட்டுறவு வீடமைப்பு பற்றிய ஒரு நோக்கு

நியூயோர்க் மாநகரின் புறூக்ளின் பகுதியில், 43 ஆம் வீதியில், 816 ஆம் இலக்கத்தைத் தாங்கிய சிறிய செங்கற் கட்டிடமொன்று உண்டு. அதன் மனைகள் இடையிடையே விற்பனைக்கு வருகின்றன. விலை, சந்தை விலையே. 1916 ஆம் ஆண்டில் அதனை எழுப்பிய 16 பின்லாந்துக் குடும்பங்கள் இவ்விற்பனையை எங்ஙனம் நோக்கியிருக்கும் என்ற வினாவே இக்கட்டுரைக்குத் தூண்டுகோலாயிற்று.

துறைமுகத்தையும் தச்சுத் தொழிலையும் நம்பிவாழ்ந்த குடியேறிகள் அவர்கள். வீட்டுச் சொந்தக்காரருக்கு வாடகை செலுத்துவதிலும் பார்க்கத் தாமே கூட்டாகக் கட்டிக் குடியேறுவதே மேல் எனத் துணிந்தனர். கட்டிடத்திற்கு ‘அல்கு’ எனப் பெயரிட்டனர். பின்னிய மொழியில் அது தொடக்கத்தைக் குறிக்கும். (பழந்தமிழில் அல்குதல் தங்குதலைக் குறிப்பது தற்செயலான ஒப்புமையே.) ஐக்கிய அமெரிக்காவின் முதலாவது இலாப நோக்கற்ற கூட்டுறவு வீடமைப்பாக இதுவே பொதுவாகக் கொள்ளப்படுகின்றது. அருகிலேயே ‘அல்கு தொய்னென்’, அதாவது இரண்டாவது அல்கு, எழுந்தது. கூட்டுறவுக் கடையும் வெதுப்பகமும் அச்சூழலில் இயங்கின.

இத்தகைய அமைப்பில் குடியிருப்பவர் அறைகளின் உரிமையாளர் அல்லர் என்பது கவனத்திற்குரியது. கட்டிடம் சங்கத்துக்குரியது, உறுப்பினரிடம் இருப்பது பங்கும், அப்பங்கு வழங்கும் குடியிருக்கும் உரிமையுமேயாகும். பராமரிப்பு, கடன், வரி ஆகியவற்றுக்கு அவர் மாதந்தோறும் தம் பகுதியைச் செலுத்துவார். ஆகவே விற்கப்படுவது மனையன்று, பங்கு. வெளியேறும் உறுப்பினர் அதனை என்ன விலைக்குக் கைமாற்றலாம்? கூட்டுறவு வீடமைப்பின் வரலாறு முழுவதும் இவ்வொரு விதியைச் சுற்றியே சுழல்கின்றது எனலாம்.

இதனை விளங்கிக்கொள்ள அதே நகரின் வேறோர் அமைப்பை நோக்குதல் தகும். ஆடைத் தொழிலாளர் சங்கமொன்றின் ஆதரவில், ஏபிரகாம் கசானின் முயற்சியால், 1927 இல் புறொங்ஸ் பகுதியில் அமல்கமேற்றட் கூட்டுறவு வீடமைப்பு திறக்கப்பட்டது. ஓர் அறைக்கு 500 டொலர் முதலீடு. 1926 ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் வரிச்சலுகை வழங்கியது. பதிலாக ஆதாயப் பங்கை 6 சதவீதத்துக்கு மட்டுப்படுத்தியது. வெளியேறுவோர் பங்கைச் சந்தையில் ஏலமிட இயலாது. இன்றும் அங்கு மனைகள் ஊதியக்காரருக்கு எட்டும் விலையிலேயே உள்ளன. அதே பகுதியில் கம்யூனிஸ்டுத் தொழிலாளர் அமைத்த குடியிருப்போ 1943 இல் தனியார் உடைமையாயிற்று. கொள்கை உறுதி மட்டும் கட்டிடத்தைக் காப்பதில்லை என்பதற்கு அதுவும் ஒரு சான்று.

அல்குவுக்கு அத்தகைய சட்டவேலி இருக்கவில்லை. பிள்ளைகள் தலைமுறை புறநகர்களுக்குப் பெயர்ந்தது; புதியோர் வந்தனர்; நகரில் நிலத்தின் விலை ஏறியது. இலாபமின்றிப் பங்கைக் கைமாற்றும் பழைய வழக்கம் கைவிடப்பட்டது. இதனைப் பேராசையெனக் கடிந்துவிடுதல் எளிது. ஆயின், முதுமையில் வெளியேறும் ஒரு தொழிலாளிக்கு அப்பங்கே வாழ்நாட் சேமிப்பு. ஏறிய விலைக்குக் குடியிருந்தவர்கள் மாத்திரமன்றி, அயலில் அமைந்த பூங்காவும் புகையிரதப் பாதையும் பொதுப் பாடசாலையுங்கூடக் காரணமாயிருந்தன. அப்பொதுச் செல்வத்தின் பயன் விற்பவரின் கைக்கே முழுமையாகச் சென்றது.

வாங்குபவரும் சங்கத்தில் உறுப்பினராகின்றார், வாக்களிக்கின்றார். நிருவாக சபை அவரை ஏற்றுக்கொள்ள வேண்டுமென்ற விதியும் இத்தகைய கட்டிடங்களிற் பொதுவாக உண்டு. அன்று அயலவரைத் தெரிந்தெடுக்க உதவிய அவ்விதி, இன்று பெரும்பாலும் விண்ணப்பதாரரின் வங்கிக் கணக்கையே ஆராய்கின்றது.