பேய்க்கதைக்கு ஏற்ற மொழி

யித்திஷ் என்று ஒரு மொழி. ஜெர்மன் மொழிக்குச் சொந்தக்கார மொழி, ஆனால் எழுதுவது எபிரேய எழுத்தில், வலமிருந்து இடமாக. நடுநடுவே எபிரேயமும் போலிஷும் மற்ற ஸ்லாவிய மொழிச் சொற்களும் கலந்து கிடக்கும். கிழக்கு ஐரோப்பாவின் யூதர்கள் வீட்டிலும் சந்தையிலும் பேசியது இதைத்தான். கடவுளிடம் பேச எபிரேயம், காய்கறிக்காரரிடம் பேச யித்திஷ். அதற்கு அவர்கள் வைத்த செல்லப்பெயர் 'மாமெ லோஷன்', அதாவது அம்மாவின் மொழி. (கேட்ட மாதிரி இருக்கிறதல்லவா?) இரண்டாம் உலகப்போருக்கு முன் இதைப் பேசியவர்கள் ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் பேர் என்று கணக்கிடுகிறார்கள். போர் முடிந்தபோது அவர்களில் கிட்டத்தட்ட பாதிப்பேர் உயிரோடு இல்லை.

இந்த மொழியில் எழுதி 1978ல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு வாங்கியவர் ஐசக் பாஷவிஸ் சிங்கர். யித்திஷில் எழுதி அந்தப் பரிசை வாங்கியவர் இவர் ஒருவர்தான். ஆனால் நான் எழுத வந்தது பரிசு பற்றி அல்ல. அவர் அமெரிக்காவுக்குப் போன பிறகு பல வருஷங்கள் கதையே எழுத முடியாமல் உட்கார்ந்திருந்தாரே, அதைப் பற்றி.

முன்கதை கொஞ்சம். பிறந்தது போலந்தில், அது ரஷ்யப் பேரரசின் கையில் இருந்த காலத்தில். அப்பா ரபி, அதாவது யூத மதகுரு. 1908ல் குடும்பம் வார்ஸாவின் க்ரோக்மால்னா தெருவுக்குக் குடிவந்தது. ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த தெரு அது. வீட்டுக்கூடத்திலேயே அப்பா பஞ்சாயத்து நடத்துவார். விவாகரத்து, கடன் தகராறு, ஒருவரை ஒருவர் ஏமாற்றிய கதை என்று எல்லாமே அந்தக் கூடத்துக்கு வரும். பையன் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருப்பான். எழுத்தாளனுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடைக்குமா என்ன? முதல் உலகப்போரின் பஞ்சத்தில், 1917ல், அம்மாவோடும் தம்பியோடும் தாய்வழித் தாத்தாவின் ஊரான பில்கோராய்க்குப் போனார். நவீன காலம் எட்டிப்பார்க்காத சின்ன ஊர். அங்கே கேட்ட பழைய யித்திஷும், பேய் பிசாசு நம்பிக்கைகளும், சடங்குகளும்தான் பிற்காலத்தில் அவருக்குக் கைகொடுத்தன.

அண்ணன் இஸ்ரேல் ஜோஷுவா சிங்கர் அப்போதே பெயர் பெற்ற எழுத்தாளர். அக்கா எஸ்தர் க்ரைட்மனும் நாவலாசிரியை. (ஒரு வீட்டில் மூன்று பேர்! அக்காவை உலகம் ரொம்ப நாள் கண்டுகொள்ளவே இல்லை, அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.) தம்பிக்காரர் 1923ல் வார்ஸா திரும்பி, அண்ணன் சம்பந்தப்பட்டிருந்த இலக்கியப் பத்திரிகையில் புரூஃப் பார்த்தார். தாமஸ் மன், நட் ஹாம்சன் போன்றவர்களை யித்திஷில் மொழிபெயர்த்து வயிற்றைக் கழுவினார். அண்ணன் பெயரோடு குழப்பம் வரக்கூடாது என்று அம்மாவின் பெயரான பாத்ஷெபாவிலிருந்து 'பாஷவிஸ்' என்று ஒரு பெயர் செய்துகொண்டார். 'பாத்ஷெபாவுடையவன்' என்று வைத்துக்கொள்ளலாம். அப்பா பெயரை இனிஷியலாகப் போட்டுக்கொள்ளும் நமக்கு இது கொஞ்சம் வித்தியாசமாகத்தான் தெரியும்.

1935ல், ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தபோது, அண்ணனின் உதவியால் டூரிஸ்ட் விசாவில் நியூயார்க் போய்ச்சேர்ந்தார். போகும்போது ரூன்யா என்ற துணைவியையும் ஐந்து வயது மகனையும் விட்டுவிட்டுப் போனார். அவர்கள் மாஸ்கோ போய், அங்கிருந்து கடைசியில் பாலஸ்தீனம் போனார்கள். இதை நான் மூடி மறைக்க விரும்பவில்லை. பெரிய எழுத்தாளர்களைப் பற்றி எழுதும்போது இந்த மாதிரிப் பக்கங்களை ஒரு வரியில் தாண்டிவிடுவது வழக்கம். அந்தப் பையன் அப்பாவை மறுபடி பார்த்தது 1955ல், இருபது வருஷம் கழித்து.

நியூயார்க்கில் அண்ணன் வேலை பார்த்த பத்திரிகை 'ஃபோர்வெர்ட்ஸ்'. 1897ல் ஆரம்பித்த யித்திஷ் நாளிதழ். 1920களில் இரண்டு லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. குடியேறி வந்த யூதத் தொழிலாளிகளுக்கு அமெரிக்காவில் எப்படி வாழ்வது என்று சொல்லிக்கொடுத்ததே அதுதான். தம்பிக்கும் அதில் இடம் கிடைத்தது. வந்த உடனே ஒரு தொடர்கதை எழுதினார். அது தோல்வி என்று அவருக்கே தெரிந்தது. அதற்குப் பிறகு 1943 வரை கதை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. பத்திரிகைக்குத் துண்டுக் கட்டுரைகள் எழுதி வாடகை கட்டினார், அவ்வளவுதான்.

ஏன் எழுத முடியவில்லை? ஊர் ஏக்கம், தனிமை, பணக்கஷ்டம் என்று நிறையச் சொல்லலாம். எல்லாமே இருந்தது. ஆனால் அவரே ஒரு காரணம் சொன்னார், 1943ல் அமெரிக்க யித்திஷ் உரைநடையைப் பற்றி எழுதிய ஒரு கட்டுரையில். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

அவர் வாதம் சுமாராக இப்படிப் போகும். யித்திஷ் என்பது அந்தப் பழைய ஊர்களின் வாழ்க்கையோடு வளர்ந்த மொழி. அங்கே இருந்த ஒவ்வொரு சாமானுக்கும் சடங்குக்கும் வசைக்கும் அதில் சொல் உண்டு. அமெரிக்காவிலோ யூதர்கள் பேசுவது பாதி ஆங்கிலம். எழுத்தாளன் அந்தப் பேச்சை அப்படியே எழுதினால் மொழி அசிங்கமாகிறது. எழுதாமல் சுத்த யித்திஷில் எழுதினால் அப்படி யாரும் பேசுவதில்லை, பொய்யாகிறது. ஆக இரண்டு பக்கமும் இடி. அதனால் யித்திஷ் எழுத்தாளன் நியூயார்க்கைப் பற்றி எழுதாமல், மொழி உயிரோடு இருந்த அந்தப் பழைய உலகத்தையே எழுதவேண்டும் என்றார்.

'காரை பார்க் பண்ணிட்டு லிஃப்ட்ல வந்துடு' என்று பேசுகிற நாம் ஒரு சிறுகதை எழுத உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நமக்காவது கோடிக்கணக்கில் ஆட்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள், எப்படி எழுதினாலும் நாலு பேர் சண்டைக்கு வருவார்கள் :) அவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவர் இந்தக் கட்டுரையை எழுதிய அதே வருஷத்தில்தான் வார்ஸா கெட்டோவை நாஜிக்கள் எரித்துத் தரைமட்டமாக்கினார்கள். கெட்டோவுக்குள் அடைக்கப்பட்ட இடங்களில் க்ரோக்மால்னா தெருவும் ஒன்று. எந்த உலகத்தைப் பற்றி மட்டுமே எழுத முடியும் என்று அவர் முடிவுக்கு வந்தாரோ அந்த உலகம் அப்போது அழிந்துகொண்டிருந்தது. அம்மாவும் தம்பியும் சோவியத் நாட்டுக்குள் நாடுகடத்தப்பட்டு அங்கேயே இறந்தார்கள். 1944ல் அண்ணனும் மாரடைப்பில் போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் வெள்ளம் மாதிரி எழுத்து வருகிறது. 1945லிருந்து 1948 வரை வார்ஸாவின் ஒரு யூதக் குடும்பத்தைப் பற்றிய பெரிய நாவலை ஃபோர்வெர்ட்ஸில் தொடராக எழுதினார். 'மோஸ்கத் குடும்பம்' என்று அது 1950ல் ஆங்கிலத்தில் வந்தது. அண்ணனுக்குத்தான் சமர்ப்பணம். 1945லேயே 'முட்டாள் கிம்பெல்' என்ற சிறுகதையும் வந்துவிட்டது. ஊரே ஏமாற்றும் ஒரு ரொட்டிக்காரன், ஏமாறுகிறோம் என்று தெரிந்தும் நம்புவதைத் தேர்ந்தெடுக்கிறான். அதை சால் பெல்லோ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1953ல் பார்ட்டிசன் ரிவ்யூவில் வெளியானது. அதோடு சிங்கரின் தலையெழுத்து மாறியது.

அண்ணன் இறந்ததால்தான் தம்பிக்கு எழுத்து வந்தது என்று சிலர் சொல்வார்கள். அண்ணனின் நிழல் பெரியதுதான், மறுக்கவில்லை. ஆனால் 1943லேயே, அண்ணன் உயிரோடு இருந்தபோதே, பழைய நாவலின் மறுபதிப்போடு புதிய கதைகள் சிலவற்றையும் சேர்த்து வெளியிட்டுவிட்டார். அதனால் மொழிப் பிரச்சினைக்கு அவர் கண்ட விடைதான் முக்கியக் காரணம் என்று எனக்குப் படுகிறது. 'உன்னையே நீ கண்டுபிடி' என்று சுயமுன்னேற்றப் புத்தகங்கள் சுலபமாகச் சொல்லிவிடுகின்றன. இவர் தேடியது தன்னை அல்ல, பெயர்ச்சொற்களை.

பெயர் என்றதும் இன்னொன்று. கதைகளுக்கு 'பாஷவிஸ்', பத்திரிகைக் கட்டுரைகளுக்கு 'வார்ஷாவ்ஸ்கி' (வார்ஸாக்காரன்), இன்னும் மலிவான சரக்குக்கு 'டி. செகால்'. ஆங்கில வாசகர்களுக்கு மட்டும் 'சிங்கர்'. எது உண்மையான ஆள் என்று கேட்டால் நான் பாஷவிஸ் பக்கம் சாய்வேன். ஆனால் நியூயார்க்கில் உட்கார்ந்துகொண்டு தினமும் 'வார்ஸாக்காரன்' என்று கையெழுத்துப் போட்டவரையும் விட்டுவிட மனசு வரவில்லை.

மற்ற யித்திஷ் எழுத்தாளர்கள் இவரைக் கொண்டாடினார்களா? இல்லவே இல்லை. ஆங்கிலக்காரர்களுக்காகப் பேயையும் காமத்தையும் விற்கிறார், இது நம் மக்களின் முகமே அல்ல என்று திட்டித் தீர்த்தார்கள். இந்தப் பொறாமையை வைத்து சிந்தியா ஓசிக் 1969ல் ஒரு நெடுங்கதையே எழுதினார். திட்டியவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் கிடைத்த ஒருவருக்கு நோபல் வரை போக முடிந்தது. கிடைக்காதவர்கள் படிக்க ஆளில்லாமல் முதுமையடைந்தார்கள். சிங்கர் ஆங்கில மொழிபெயர்ப்புகளில் தானும் உட்கார்ந்து திருத்துவார், மற்ற மொழிகளுக்குப் போகும்போது அந்த ஆங்கிலத்திலிருந்தே போகச் சொல்வார். அதற்கு 'இரண்டாவது மூலம்' என்று பெயர் வேறு. யித்திஷின் காவலர் செய்கிற காரியமா இது என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது.

தன் 1943 கொள்கையையும் அவர் கடைசிவரை காப்பாற்றவில்லை. 1966ல் ஃபோர்வெர்ட்ஸில் தொடராக வந்து 1972ல் ஆங்கிலமான 'எதிரிகள், ஒரு காதல் கதை' முழுக்க நியூயார்க்கில்தான் நடக்கிறது. புரூக்ளினில் வாழும் ஒருவன், இறந்துவிட்டதாக நம்பிய மனைவி ஒருநாள் உயிரோடு வந்து நிற்கிறாள். அதற்குள் அவனுக்கு இன்னொரு மனைவி, ஒரு காதலி! ஆட்கள் எல்லாருமே தப்பி வந்தவர்கள். அமெரிக்காவை யித்திஷில் எழுத ஒரு வழி அவருக்குக் கிடைத்துவிட்டது: அமெரிக்காவில் இருந்தும் அமெரிக்காவில் இல்லாதவர்களைப் பற்றி எழுதுவது. பாரிஸிலும் டொராண்டோவிலும் இருந்து எழுதும் ஈழத்து எழுத்தாளர்களைப் படித்தவர்களுக்கு இது உடனே புரியும்.

1978 டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் தன் நோபல் உரையின் தொடக்கத்தை யித்திஷிலேயே பேசினார். செத்துக்கொண்டிருக்கும் மொழியில் ஏன் எழுதுகிறீர்கள் என்ற கேள்விக்கு விருந்தில் அவர் சொன்ன பதில் பிரசித்தம். தனக்குப் பேய்க்கதை பிடிக்கும், பேய்களுக்குச் செத்துக்கொண்டிருக்கும் மொழிதான் பொருத்தம் என்றார்.

சிங்கர் 1991ல் ஃப்ளோரிடாவில் காலமானார். ஃபோர்வெர்ட்ஸ் 1983லேயே வார இதழாகிவிட்டது, 2019ல் அச்சுப் பதிப்பும் நின்று இணையத்துக்குப் போனது. மொழி சாகவில்லை. புரூக்ளினிலும் வேறு சில இடங்களிலும் பழைய ஆசாரம் விடாத ஹசிடிக் யூதக் குடும்பங்கள் பிள்ளைகளிடம் யித்திஷ்தான் பேசுகின்றன. சிங்கரின் அப்பாவும் அப்படிப்பட்ட ஒரு ஹசிடிக் ரபிதான். ஆனால் அந்த வீடுகளில் நாவல் படிப்பதை அவ்வளவாக ஏற்றுக்கொள்வதில்லை, அதுவும் சிங்கர் எழுதியது மாதிரியான நாவலை.