வெக்கை வந்த வருஷம்

அடுத்த வீட்டில் ஒரு பூனைக்குட்டி வளர்கிறது. பிறந்து எட்டாவது வாரத்தில் ஒன்று, பன்னிரண்டாவது வாரத்தில் ஒன்று என்று அதற்கு இரண்டு ஊசி போட்டாயிற்று. ஒரே மருந்தில் மூன்று வைரஸ் நோய்களுக்குக் காப்பு இருக்கிறதாம். பிரம்புக் கூடையில் சம்பிரமமாக உட்கார்ந்து அது ஆட்டோவில் போய்த் திரும்பியதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே பாட்டியின் ஞாபகமும் வந்தது. பூனைக்கு ஊசி என்றால் பாட்டி நம்பியிருக்கமாட்டாள். மாட்டுக்கு ஊசி போட்டதை அவள் கண்ணால் கண்டவள். வாயில்லாத ஜீவன்களைத் தாக்கும் வைரஸ் நோயை முன்கூட்டியே தடுத்துவிடலாம் என்று எங்கள் பக்கத்துக் கிராமங்கள் தெரிந்துகொண்டது மாட்டை வைத்துத்தான்.

பாட்டி வாழ்க்கைப்பட்டது திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில், காவேரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடைக் கிராமம். அவள் கணக்கில் வருஷங்களுக்கு எண் கிடையாது. புயல் அடித்த வருஷம், பெரியவன் பிறந்த வருஷம், வெக்கை வந்த வருஷம், அவ்வளவுதான். வெக்கை என்றால் மாட்டுக்கு வரும் கொள்ளை நோய். முதல் நாள் மாடு தீனி எடுக்காது. உடம்பு அனலாய்க் கொதிக்கும். கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிந்து சீழாகும். வாய்க்குள் புண் வெடிக்கும். பிறகு கழிச்சல். வாடை தெருக்கோடி வரையில் வீசும். ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள்.

அந்த வருஷம் அது வந்தது ஆடி மாதத்தில். வாய்க்காலில் தண்ணீர் புரண்டு ஓடுகிறது. நாற்றங்காலில் நாற்று நிற்கிறது. உழ மாடு இல்லை. மாடு பிழைத்திருந்தவர்கள் இரவல் தரப் பயந்தார்கள். பாதி நிலம் நட்டு, பாதி நிலம் தரிசாய்க் கிடந்து, மறுவருஷம் நாலு மா நிலம் எங்கள் குடும்பத்தை விட்டுப் போயிற்று. நிலம் உள்ளவன் பாடு அது. நிலமே இல்லாமல் ஒரு ஜோடி மாட்டை மட்டும் வைத்துக்கொண்டு கூலிக்கு ஏர் ஓட்டியவன் கதி என்ன ஆயிற்று என்று பாட்டி சொன்னதில்லை. நானும் கேட்கத் தவறிவிட்டேன்.

வைத்தியம் இல்லாமல் இல்லை. மாட்டு வாகடம் என்று ஏட்டுச் சுவடிகளே நம்மிடம் உண்டு. வேப்பிலை கட்டினார்கள்; புகை போட்டார்கள்; மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டார்கள்; மந்திரித்த கயிற்றை ஊர் எல்லையில் கட்டி அதன் அடியில் மந்தையை ஓட்டினார்கள். இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். வெக்கை கண்ட மாட்டைக் குணப்படுத்தும் மருந்து கடைசி வரையில் மேல்நாட்டானிடமும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சில வருஷங்களில் இந்த நோய் ஆப்பிரிக்காவின் வடகிழக்கு மூலையிலிருந்து தெற்குக் கோடி வரையில் மாடுகளை வாரிக்கொண்டு போயிற்று. அபிசீனியாவில் அதைத் தொடர்ந்து வந்த பஞ்சத்தில் மனிதர்கள் லட்சக்கணக்கில் மாண்டார்கள்.

சிரிக்க முடியாத ஒன்றும் உண்டு. காரணம் தெரியாத சாவுக்கு யாராவது காரணமாக வேண்டும் அல்லவா? செத்த மாட்டை எடுத்துப் போய்த் தோலை உரித்துப் பிழைத்தவர்கள்தான் விஷம் வைத்துக் கொன்றார்கள் என்று சொல்லிவிடுவார்கள். வடநாட்டில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இந்தக் குற்றச்சாட்டின் பேரில் அந்த ஏழை ஜாதியார் கோர்ட்டு வரையில் இழுக்கப்பட்டார்கள். 1902இல்தான் நிக்கோல், ஆதில் பே என்ற இருவர் கான்ஸ்டாண்டிநோபிளில் ஆராய்ந்து, பாக்டீரியாவைத் தடுத்து நிறுத்தும் வடிகட்டியிலும் புகுந்து வெளிவரும் கிருமி இது என்று காட்டினார்கள்.

சர்க்கார் சும்மா இருக்கவில்லை. சென்னை மாகாணத்தில் 1866லேயே கால்நடை நோய்களுக்கென்று ஒரு சட்டம் வந்தது. ஐரோப்பாவில் நோய் கண்ட மாட்டையும் அதோடு நின்ற மாட்டையும் கொன்று புதைத்தே வெக்கையை ஒழித்தார்கள். அந்த வழி இங்கே நடக்குமா? எந்தக் குடியானவன் ஒப்புவான்? எந்தக் கலெக்டருக்குத் தைரியம் வரும்? ஆகவே மாட்டைக் கொல்லாமல் காப்பாற்ற வழி தேட வேண்டியதாயிற்று. 1889இல் பூனாவில் தொடங்கிய ஆராய்ச்சிச்சாலையை 1893இல் குமாவுன் மலையில் முக்தேசுவரத்துக்குக் கொண்டுபோனார்கள். கிருமி கீழே இறங்கிவிடக் கூடாதே என்று அத்தனை உயரம்! முதலில் கிடைத்தது சீரம். நோய் வந்த ஊருக்கு ஓடிப்போய்ப் போட்டால் சில வாரம் தாங்கும். பிறகு 1920களில் எட்வர்ட்ஸ் என்பவர் அங்கே நோய்க்கிருமியை ஆட்டின் உடம்பில் திரும்பத் திரும்பச் செலுத்தி, மாட்டுக்கு அதன் கடுமை குறையும்படி செய்தார். அந்த ஆட்டு மருந்து ஒரு தடவை போட்டால் வருஷக்கணக்கில் காப்பு. தென்னாட்டுக்கு ராணிப்பேட்டையில் மருந்து தயாரானது.

1954இல் தேசம் முழுவதற்குமான திட்டம் பிறந்தது. அப்போது ஆண்டுக்குச் சுமார் 8000 இடங்களில் நோய் தோன்றி, சுமார் 2 லட்சம் மாடுகள் செத்துக்கொண்டிருந்தன. ஐஸ் வைத்த பிளாஸ்க்கோடு ஊசிக்காரர்கள் எங்கள் கிராமத்துக்கும் வந்தார்கள். சினை கலையும், பால் வற்றும் என்று வதந்தி. தாத்தா கறவை மாட்டை மூங்கில் கொத்துக்குப் பின்னால் கட்டி மறைத்துவிட்டாராம். ஊசிக்காரர் திண்ணையில் உட்கார்ந்து மோர் வாங்கிக் குடித்துக்கொண்டிருக்கும்போது, அந்தப் பசு மூங்கில் கொத்திலிருந்து "அம்மா!" என்று கூப்பிட்டதாம். பாட்டி இதைச் சொல்லும் போதெல்லாம் தாத்தா எழுந்து வெளியே போய்விடுவார் என்று அப்பா சொல்வார்.

இந்தியாவில் கடைசியாக வெக்கை தோன்றியது 1995இல், நம் தமிழ்நாட்டில், வட ஆர்க்காட்டில். மருந்து தயாரித்த ராணிப்பேட்டையும் அந்தப் பக்கம்தான் இருக்கிறது! அதற்குப் பிறகு வந்தது ஒரு விசித்திரமான கட்டம். ஊசி போட்ட மாட்டின் ரத்தமும், நோயில் தப்பிய மாட்டின் ரத்தமும் சோதனையில் ஒரே சாட்சிதான் சொல்லும். நோய் போய்விட்டது என்று நிரூபிக்க வேண்டுமானால் ஊசியை நிறுத்தியாக வேண்டும். நாற்பது வருஷம் "போடு, போடு" என்று சொன்னவர்கள் "நிறுத்து" என்று சொல்லிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். 2006இல் இந்தியாவும், 2011இல் உலகம் முழுவதும் இந்த நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. மனிதருடைய பெரியம்மைக்கு அடுத்தபடியாக உலகத்தை விட்டே ஒழிந்த வைரஸ் நோய் இது ஒன்றுதான்.

சென்ற பங்குனியில் கொருக்கை பக்கம் போயிருந்தேன். உழுவதற்கு டிராக்டர் வந்து வெகு காலமாயிற்று. சேற்று உழவுக்குப் பேர்போன உம்பளாச்சேரி மாட்டை இப்போது வளர்க்கிறவர்கள் குறைவு. அறுப்பு முடிந்த வயலில் நாலைந்து உம்பளாச்சேரிப் பசுக்கள் மேய்ந்துகொண்டிருந்தன. மேய்த்த பையனுக்குப் பதினேழு, பதினெட்டு வயதிருக்கும்.

"ஏன் தம்பி, இந்த மாட்டுக்கெல்லாம் வெக்கை வந்து பார்த்திருக்கியா?" என்று கேட்டேன்.

பையன் வானத்தை அண்ணாந்து பார்த்தான்.

"இப்ப என்னங்கய்யா வெக்கை? சித்திரை பொறக்கட்டும். அப்பத்தான் தாங்காதுங்க. புளியமரத்தடிக்கு ஓட்டிக்கிட்டுப் போயிடுவேன்" என்றான்.