வெளிச்சம் மிகுந்த தொட்டி

1779-ஆம் ஆண்டுக் கோடை. வியன்னா அரச குடும்பத்தாருக்கு அம்மை குத்திப் பெயர் பெற்ற டச்சு மருத்துவர் யான் இங்கன்ஹவுஸ், லண்டனை அடுத்த சவுத்தால் கிரீனில் தங்கி, இலைகளை நீர் நிறைந்த கண்ணாடிச் சாடிகளில் மூழ்கவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வெயிலில் வைத்தால் இலைமேல் குமிழிகள் அரும்பின, இருட்டில் நின்றுபோயின. வெயிலின் சூடுதான் காரணமோ என்று அதையும் சோதித்தார். சூடு மட்டும் போதவில்லை, வெளிச்சம் வேண்டியிருந்தது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட சோதனைகளின் முடிவை அதே ஆண்டில் நூலாக்கினார். நம் பள்ளி ஆய்வகங்களில் புனலுக்கடியில் ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடியை வைத்துக் குமிழி எண்ணும் பாடம் அங்கிருந்து வந்ததுதான்.

வெளிச்சம் நல்லதென்றால் மிகுந்த வெளிச்சம் இன்னும் நல்லது என்று நினைப்பது இயல்பு. அந்த நினைப்பு பல தொட்டிகளைப் பாழாக்கியது.

1845-இல் பிரிட்டன் கண்ணாடி வரியை நீக்கியது, கண்ணாடி மலிந்தது. லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் ஏறத்தாழ 54 லிட்டர் கொள்ளும் தொட்டியில் இரண்டு தங்கமீன்களையும் வாலிஸ்நேரியாச் செடியையும் சேர்த்து வளர்த்து, 1850-இல் அதைப் பற்றிக் கட்டுரை படித்தார். மீன் விடும் கரியமில வாயுவைச் செடி எடுத்துக்கொள்ளும், செடி விடும் ஆக்சிஜன் மீனுக்கு. கணக்கு அழகானது. ஆனால் இலைகள் அழுகின; வழுவழுப்பான பாசி படிந்து நீர் கலங்கியது. குளத்து நத்தைகளை விட்ட பிறகே தொட்டி தெளிந்தது. பாசியையும் அழுகிய இலையையும் அவை மேய்ந்துவிட்டன. இந்த வரலாற்றில் மீனை விட நத்தைக்கே பெரிய பங்கு என்று சொல்லலாம்.

1853-இல் லண்டன் ரீஜண்ட்ஸ் பூங்கா விலங்குக்காட்சி சாலையில் உலகின் முதல் பொது மீன்காட்சியகம் திறந்தது. இரும்பும் கண்ணாடியுமான கட்டடம், எல்லாப் பக்கமும் வெயில். பார்வையாளர் கூட்டம் அலைமோதியது. உள்ளே தொட்டிநீர் சூடேறிப் பச்சையாயிற்று. தொட்டி வியாபாரியாகத் தொடங்கிய வில்லியம் ஆல்ஃபர்ட் லாய்ட் இந்தக் குறையை வெளிப்படையாக எடுத்துச் சொன்னவர். பின்னர் ஹாம்பர்க்கிலும், 1871-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸிலும் அவர் அமைத்த கடல்நீர்க் காட்சியகங்களில் பெரும்பகுதி நீரை இருட்டான நிலத்தடித் தேக்கத்தில் வைத்துச் சுழலவிட்டார். ஒளி மேலிருந்து மட்டும், அளவாக விழுந்தது. குளத்தில் வெளிச்சம் பக்கவாட்டில் வருவதில்லையே.

மிகுந்த வெளிச்சம் ஏன் கெடுக்கிறது என்பதற்கு விளக்கம் கிடைக்க அரை நூற்றாண்டு ஆனது. 1905-இல் கேம்பிரிட்ஜ் தாவரவியலாளர் பிளாக்மன், பல தேவைகளில் எது மிகக் குறைவோ அதுவே ஒளிச்சேர்க்கையின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது என்று காட்டினார். நீர்மூழ்கிச் செடிக்குப் பெரும்பாலும் குறைவது கரியமில வாயு. காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகவே அது நீரில் பரவுகிறது. வாயு கிடைக்காத இலைமேல் எவ்வளவு ஒளி கொட்டினாலும் வீண். சில செல் தடிப்பே உள்ள அந்த இலைகள் நிழலுக்குப் பழகியவை. கடும் ஒளியில் அவற்றின் ஒளிச்சேர்க்கை அமைப்பே பழுதுபடும். செடி திணறும் அந்த நேரத்தில் பாசி அதன்மேல் படர்ந்து, இருக்கும் வெளிச்சத்தையும் மறைத்துவிடுகிறது.

குறைந்த ஒளியிலேயே பிழைப்பதில் ஹைட்ரில்லா வல்லது. முழு வெயிலில் நூற்றில் ஒரு பங்கு கிடைத்தாலும் அதற்குப் போதும். 1950-களின் தொடக்கத்தில் தொட்டிச்செடி வியாபாரத்தில் இலங்கையிலிருந்து அமெரிக்கா போய், ஃப்ளோரிடாவின் ஏரிகளையும் கால்வாய்களையும் அது அடைத்துக்கொண்டதற்கு இந்த வல்லமையும் ஒரு காரணம்.

கடும் ஒளியை முறையாகப் பயன்படுத்திக் காட்டியவர்களில் முதன்மையானவர் ஜப்பானின் நீகாட்டாவைச் சேர்ந்த தகாஷி அமானோ. சக்திவாய்ந்த விளக்கைப் போட்டார். கூடவே சிலிண்டரிலிருந்து கரியமில வாயுவையும் உரத்தையும் கொடுத்தார், பாசி தின்னும் இறால்களை விட்டார். மங்கல் ஒளியில் நெட்டையாக வெளிறும் செடிகள் அவருடைய தொட்டிகளில் குட்டையாக அடர்ந்தன. ரொட்டாலா போன்றவை சிவந்தன. 2015-இல், அவர் மறைந்த ஆண்டில், லிஸ்பன் மீன்காட்சியகத்தில் 40 மீட்டர் நீளமும் 1,60,000 லிட்டர் நன்னீரும் கொண்ட அவரது தொட்டி திறக்கப்பட்டது.